குளிர்நீர்த் தடக் கண்ணிவலை எளிமையாக்கம்

குளிர்நீர்த் தடக் கண்ணிவலை எளிமையாக்கம் என்பது, பிளாஸ்டிக் வார்ப்பு அச்சின் உள்ளே நீர் ஓடும் துளைகளின் கணினி வடிவத்தைக் கணக்கீட்டுக்குத் தேவையான அளவில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நுணுக்கங்களைக் குறைக்கும் முறையாகும். அச்சை எஃகில் வெட்டும் முன்பே, அது எவ்வளவு சீராகக் குளிரும், ஒரு பொருளை வார்க்க எத்தனை வினாடி ஆகும், பொருள் கோணிப் போகுமா என்பவற்றைக் கணினியில் கணித்துப் பார்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. இக்கணிப்பின் வேகமும் நம்பகத்தன்மையும் நீர்த் தடங்கள் எவ்வாறு எளிமையாக்கப்பட்டன என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளன. அளவோடு எளிமையாக்கினால் நாள் கணக்கில் ஆகும் வேலை நிமிடங்களில் முடியும். அளவு மீறினால் கணினி அழகான வண்ணப் படத்துடன் தவறான விடையைத் தரும்.

உட்செலுத்து வார்ப்பும் குளிர்வித்தலும்

உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்தி, அது இறுகியபின் வெளியே தள்ளுவது உட்செலுத்து வார்ப்பு. பட்டறைகளில் இது இன்ஜெக்ஷன் மோல்டிங் என்றும், அச்சு மோல்டு அல்லது டை என்றும் வழங்கப்படுகின்றன. அச்சின் குழிப்பகுதி கேவிட்டி. அதற்குள் நுழையும் உள்ளச்சு கோர். இவ்விரண்டின் உடலிலும் துளைகள் இடப்பட்டு அவற்றின் வழியே நீர் சுழற்றப்படுகிறது. இத்துளைகளே குளிர்நீர்த் தடங்கள். பேச்சு வழக்கில் கூலிங் லைன்.

ஒரு சுற்றின் மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் பெரும்பாலும் குளிர்வதற்கே செலவாகிறது. பொருளின் நடுப்பகுதி வெளியே தள்ளக்கூடிய வெப்பநிலைக்கு இறங்க ஆகும் நேரம் தடிமனின் இருபடிக்கு நேர்விகிதத்திலும், பிளாஸ்டிக்கின் வெப்பப் பரவுதிறனுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். அச்சுச் சுவரின் வெப்பநிலையும் இதில் பங்கு பெறுகிறது.

எடுத்துக்காட்டாக, 2 மி.மீ. தடிமனுள்ள பாலிபுரொப்பிலீன் மூடி ஒன்றைக் கருதலாம். உருகிய நிலை 230° செல்சியசு, வெளியேற்றும் நிலை 90°, அச்சுச் சுவர் 40°, வெப்பப் பரவுதிறன் வினாடிக்கு 0.09 சதுர மி.மீ. என்று கொண்டால் குளிர்விப்பு நேரம் சுமார் 7.1 வினாடி. அச்சுச் சுவர் 50° ஆக உயர்ந்தால் அது சுமார் 7.9 வினாடி ஆகும். தடிமனை 3 மி.மீ. ஆக்கினால் (சுவர் 40° இருக்கும்போதே) 16 வினாடியை எட்டும்.

0.8 வினாடி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 15 வினாடிச் சுற்று 15.8 வினாடியாக நீண்டால், 8 மணி நேர ஷிப்டில் 1,920 சுற்றுகள் ஏறத்தாழ 1,822 ஆகக் குறையும். எட்டுக் குழி கொண்ட அச்சில் இது ஏறத்தாழ 780 மூடிகளின் இழப்பு. ஆகவே அச்சுச் சுவரின் வெப்பநிலையைக் கணினி 10° தவறாகச் சொன்னால், அதை நம்பி விலை பேசிய பட்டறைக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் இழப்பு ஏற்படும்.

கண்ணிவலை

வளைந்த வடிவம் ஒன்றைக் கணினி முழுமையாகக் கையாள இயலாது. அதனால் வடிவத்தைச் சிறுசிறு முக்கோணங்களாகவோ நான்முகிகளாகவோ பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே வெப்பச் சமன்பாட்டைத் தீர்க்கிறார்கள். இச்சிறு துண்டுகள் உறுப்புகள் எனப்படும். அவை சேர்ந்த அமைப்பே கண்ணிவலை. பொறியாளர்கள் இதை மெஷ் என்கிறார்கள். மீன்வலையில் கண் சிறிதானால் சிறு மீனும் அகப்படும்; ஆனால் வலை கனத்து இழுப்பது கடினமாகும். கணினிக் கண்ணிவலைக்கும் இது பொருந்தும்.

எளிமையாக்கம் ஏன் தேவை

நடுத்தர அச்சு ஒன்றில் 8 மி.மீ. விட்டமும் மொத்தம் 1.2 மீட்டர் நீளமும் உள்ள தடம் இருப்பதாகக் கொள்வோம். அதன் உட்புறப் பரப்பு ஏறத்தாழ 30,160 சதுர மி.மீ. இதை 1 மி.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணங்களால் மூடினால் சுமார் 70,000 முக்கோணங்கள் வேண்டும். அதே தடத்தை 20 மி.மீ. நீளக் குழாய்த் துண்டுகளாக, அதாவது நடுக்கோட்டை மட்டும் கொண்டு குறித்தால் 60 துண்டுகள் போதும்.

இந்த வேறுபாடு கணக்கீட்டு நேரத்தில் பன்மடங்காகப் பெருகும். அச்சின் வெப்பநிலையைக் கணிக்க நெடுநாளாகப் பயன்பட்டு வரும் எல்லை உறுப்பு முறையில் ஒவ்வோர் உறுப்பும் மற்ற எல்லா உறுப்புகளோடும் தொடர்புபடுத்தப்படுகிறது. எனவே உறுப்புகள் இருமடங்கானால் தேவைப்படும் நினைவகம் நான்கு மடங்காகும். சிறு பட்டறையின் சாதாரணக் கணினியில் ஒரு கணிப்பு நடைபெறுமா என்பதையே இது தீர்மானிக்கக்கூடும்.

மற்றொரு காரணமும் உண்டு. அச்சு வரைபடத்தில் திருகு மரைகள், அடைப்பான்கள், ரப்பர் வளையப் பள்ளங்கள் போன்ற நுண்வடிவங்கள் நிறைந்திருக்கும். இவற்றை அப்படியே கண்ணியாக்கினால் ஊசி போன்ற நீண்ட முக்கோணங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பரப்புகள், திறந்த விளிம்புகள் ஆகியவை உருவாகும். இவை கணக்கீட்டைத் தடுமாறச் செய்யும் அல்லது நிறுத்திவிடும்.

எளிமையாக்கும் முறைகள்

நுண்வடிவ நீக்கம்

இது முதற்படி. மரைகள், வளையப் பள்ளங்கள், சிறு முனை மழுக்கங்கள், துளையின் அடியில் துளைக்கருவி விடும் கூம்பு முனை ஆகியவை நீக்கப்படுகின்றன. அடைப்பானுக்கு அப்பால் நீர் ஓடாமல் கிடக்கும் குருட்டுத் துளையையும் தடத்திலிருந்து விலக்கலாம். அங்குள்ள நீர் நகராததால் அது பெரிதாக வெப்பத்தை எடுத்துச் செல்வதில்லை. அதை ஓடும் நீராகக் காட்டினால்தான் கணிப்பு தவறும்.

முக்கோணக் குறைப்பு

தடத்தின் பரப்பை வைத்துக்கொண்டே முக்கோணங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது இரண்டாம் முறை. அருகருகே உள்ள இரு முனைகளை ஒன்றாகச் சேர்த்தால் இடையிலிருந்த முக்கோணங்கள் மறைந்துவிடும். எந்த முனைகளைச் சேர்த்தால் வடிவம் மிகக் குறைவாகச் சிதையும் என்பதை அளவிட்டு, அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டே போவது மைக்கேல் கார்லண்ட், பால் ஹெக்பர்ட் இருவரும் 1997இல் வெளியிட்ட இருபடிப் பிழை முறையின் அடிப்படை. கணினி வரைகலைக்காக உருவான இம்முறை பொறியியலிலும் பயன்படுகிறது.

இம்முறையில் மறைந்திருக்கும் இடர் ஒன்று உண்டு. முக்கோணங்கள் குறையக் குறைய, வட்டமான துளை பலகோணமாகிறது. பலகோணத்தின் முனைகள் வட்டத்தின் மீது அமைவதால் அதன் பரப்பு எப்போதும் வட்டத்தை விடக் குறைவு. வட்டத்தோடு ஒப்பிட்ட விழுக்காடுகள் வருமாறு:

6 பக்கம்: குறுக்குப் பரப்பு 82.7, சுற்றளவு 95.5
8 பக்கம்: குறுக்குப் பரப்பு 90.0, சுற்றளவு 97.4
12 பக்கம்: குறுக்குப் பரப்பு 95.5, சுற்றளவு 98.9
24 பக்கம்: குறுக்குப் பரப்பு 98.9, சுற்றளவு 99.7

எட்டுப் பக்கத் தடத்தில் பரப்பு 10 விழுக்காடே குறைகிறது. ஆனால் அதே அளவு நீரைச் செலுத்த அதன் வேகம் கூட வேண்டும். அழுத்த இழப்பு வேகத்தின் இருபடியோடு வளரும். நீரியல் விட்டமும் குறைகிறது. உராய்வுக் கெழு மாறாது என்று கொண்டால் அழுத்த இழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். இதை நம்பினால் தேவையின்றிப் பெரிய பம்பு வாங்க நேரிடும்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. பலகோணத்தின் பரப்பு வட்டத்தின் பரப்புக்குச் சமமாகும்படி அதைச் சிறிது பெரிதாக்க வேண்டும். 8 மி.மீ. துளையை எட்டுப் பக்கத்தில் குறிக்கும்போது எதிரெதிர் முனைகளுக்கு இடையிலான தூரத்தைச் சுமார் 8.43 மி.மீ. என வைத்தால் குறுக்குப் பரப்பு சரியாகிவிடும்.

நடுக்கோட்டுக் குழாய் உறுப்புகள்

துளைக்கருவியால் இடப்பட்ட நேரான தடங்களுக்கு மிகவும் ஏற்ற முறை இது. தடத்தின் பரப்பை முற்றிலும் விட்டுவிட்டு, அதன் நடுக்கோட்டை மட்டும் எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் விட்டத்தை ஓர் எண்ணாகக் கொடுக்கிறார்கள். நீரின் ஓட்டத்தைக் கணினி துளித்துளியாகக் கணிப்பதில்லை. மாறாக, சோதனைகளின் வழி நிறுவப்பட்ட வாய்பாடுகளைக் கையாளுகிறது. 1930இல் வெளிவந்த டிட்டஸ்–போல்டர் வாய்பாடு இவற்றுள் புகழ்பெற்றது.

நீர் குழம்பி ஓடுகிறதா, அடுக்கடுக்காக ஓடுகிறதா என்பதை ரேனால்ட்சு எண் காட்டும். 2,300க்குக் கீழ் அடுக்கோட்டம். 4,000க்கு மேல் குழம்போட்டம். அச்சு வடிவமைப்பில் 10,000 என்பது வழக்கமான இலக்கு. 25° நீர் 8 மி.மீ. தடத்தில் இந்த இலக்கை அடைய நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.4 லிட்டர் வேண்டும். அப்போது வெப்ப மாற்றக் கெழு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு சுமார் 5,600 வாட். முழுமையாக நிலைபெற்ற அடுக்கோட்டத்தில் இது 300 வாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். எனவே குழாய் உறுப்புக்குத் தரும் விட்டமும் நீரளவும் சரியாக இருப்பதே பல்லாயிரம் முக்கோணங்களை விட முக்கியமானது.

எளிமையாக்கக் கூடாதவை

சில விவரங்களைக் குறைத்தால் விடையே மாறிவிடும்.

முதலாவது, தடத்துக்கும் குழிச்சுவருக்கும் இடையிலான தூரம். இது பொதுவாகத் தடவிட்டத்தின் 1.5 முதல் 2.5 மடங்கு வரை வைக்கப்படும். முனைகளைச் சேர்க்கும்போது தடம் ஒரு மி.மீ. இடம் பெயர்ந்தாலும் அவ்விடத்தின் வெப்பநிலை மாறும். இந்த இடைவெளியை விடப் பெரிய உறுப்புகளை அங்கே வைப்பதும் தவறு.

இரண்டாவது, தடங்கள் இணைந்துள்ள முறை. ஒரே நீர் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாத் தடங்களிலும் செல்கிறதா, பல கிளைகளாகப் பிரிகிறதா என்பது அப்படியே இருக்க வேண்டும். வாய்க்காலில் பல மடைகளை ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்கு நீர் குறைவது போல, பிரியும் தடங்களில் தடை மிகுந்த கிளைக்கு நீர் குறைவாகவே போகும்.

மூன்றாவது, தடுப்புத் தகடுகளும் ஊற்றுக் குழாய்களும். தகட்டை பேஃபிள் என்றும் ஊற்றுக் குழாயை பப்ளர் என்றும் பட்டறைகளில் சொல்வர். 16 மி.மீ. துளையைத் தகடு ஒன்று இரண்டாகப் பிரித்தால், நீர் ஒரு பாதியில் ஏறி மறு பாதியில் இறங்கும். தகட்டின் தடிமனை விட்டுவிட்டாலும் ஒவ்வொரு பாதியின் நீரியல் விட்டம் சுமார் 9.8 மி.மீ. மட்டுமே. இதை 16 மி.மீ. குழாய் என்று குறிப்பது பிழை.

சரிபார்த்தல்

எளிமையாக்கிய கண்ணிவலையை நம்பும் முன் இரண்டு சோதனைகள் செய்வது நல்லது. முதலாவதாக, உறுப்புகளின் அளவைப் பாதியாக்கி மீண்டும் கணித்து, சுவர் வெப்பநிலை குறிப்பிடத்தக்க அளவு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறாவிட்டால் முந்தைய கண்ணியே போதும்.

இரண்டாவது, தாளில் போடக்கூடிய வெப்பக் கணக்கு. ஒரு சுற்றில் 80 கிராம் பிளாஸ்டிக் செல்கிறது, அது கிலோவுக்கு 500 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது, ஒரு சுற்று 15 வினாடி என்று கொண்டால் நீர் எடுத்துச் செல்ல வேண்டியது 2.67 கிலோவாட். நிமிடத்துக்கு 10 லிட்டர் நீர் ஓடினால் அதன் வெப்பநிலை சுமார் 3.8° உயரும். கணினி 1° என்றோ 12° என்றோ காட்டினால் எங்கோ ஒரு தடம் துண்டிக்கப்பட்டிருக்கிறது அல்லது அலகு தவறியிருக்கிறது என்று பொருள்.

வரலாறு

அமெரிக்காவின் ஜான் வெசுலி ஹையாட்டும் அவருடைய சகோதரரும் 1872இல் உட்செலுத்து வார்ப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் தடங்களின் இடம் அச்சு செய்பவரின் பட்டறிவைக் கொண்டே முடிவு செய்யப்பட்டது. 1974இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கே. கே. வாங் தலைமையில் உட்செலுத்து வார்ப்பு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. 1978இல் ஆத்திரேலியாவின் மெல்பேர்னில் காலின் ஆத்தின் மோல்டுஃப்ளோ நிறுவனத்தைத் தொடங்கினார். 2008இல் அதை ஆட்டோடெஸ்க் வாங்கியது. தைவானின் மோல்டெக்ஸ்3டி இத்துறையின் மற்றொரு முக்கிய மென்பொருள்.

உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கி அச்சு செய்யும் முப்பரிமாண அச்சிடல் வந்தபின், பொருளின் வளைவை ஒட்டியே வளைந்து செல்லும் தடங்களை அமைக்க முடிகிறது. இவற்றுக்கு நேரான நடுக்கோடு இல்லை. குறுக்குவெட்டும் வட்டமாக இருப்பதில்லை. எனவே பாதை நெடுகப் பல இடங்களில் வெட்டிப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் மையத்தையும் நீரியல் விட்டத்தையும் கணக்கிட்டுக் குழாய் உறுப்பாக்க வேண்டும். வளைவுகளில் நீர் சுழன்று ஓடுவதால் வெளிப்புறச் சுவரும் உட்புறச் சுவரும் ஒரே அளவில் குளிர்வதில்லை. குழாய் உறுப்பு இவ்வேறுபாட்டைக் காட்டாது. அத்தகைய இடங்களில் மட்டும் முழுக் கண்ணிவலையை வைத்துக்கொண்டு, மற்ற நேர்ப் பகுதிகளைக் குழாய் உறுப்பாக்கும் கலப்பு முறை பயன்படுகிறது.

விருதுநகர், சிவகாசி வட்டாரம்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பிறகு வளர்ந்தது இவ்வட்டாரத்தின் தொழில். தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். பிளாஸ்டிக் வார்ப்பு இவற்றோடு இரண்டு வகையில் தொடர்புடையது.

ஒன்று, தீபாவளித் துப்பாக்கிகளில் இடும் ரிங் கேப். வட்டமாக அமைந்த சிறு பிளாஸ்டிக் கிண்ணங்களில் வெடிமருந்து இடப்படும். வளையத்தை வார்ப்பது சாதாரணப் பிளாஸ்டிக் வேலை. மருந்து இடுவதே ஆபத்தான கட்டம். ஆயினும் வளையம் சீரின்றிக் குளிர்ந்து கோணினால் அது துப்பாக்கியின் குமிழில் சரியாக அமராது. பல குழிகள் கொண்ட அச்சில் எல்லாக் குழிகளும் ஒரே அளவில் குளிர்வது ஆகவே முக்கியம்.

மற்றொன்று, தீப்பெட்டிக்குப் போட்டியாக வந்த பிளாஸ்டிக் லைட்டர். பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்று சுட்டிக்காட்டி, அவற்றைத் தடை செய்யுமாறு தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பகுதிகளில் இத்தொழிலை நம்பியுள்ளோரில் பெரும்பாலோர் பெண்கள். 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதி 2023 ஜூன் இறுதியில் தடை செய்யப்பட்டது. 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது. உதிரிபாகங்களும் வராத நிலையில், மலிவு லைட்டர் செய்ய விரும்புவோர் உடற்பகுதியை உள்நாட்டில்தான் வார்க்க வேண்டும்.

லைட்டரின் உடல் அழுத்தத்தில் உள்ள பியூட்டேனைத் தாங்கும் கலம். 50° வெப்பத்தில் தூய பியூட்டேனின் ஆவி அழுத்தம் சுமார் 5 பார். சுவர் சீரின்றிக் குளிர்ந்தால் உள்ளே தேங்கும் இழுவிசை பின்னர் விரிசலாக வெளிப்படலாம். இத்தகைய ஒடுங்கிய கலங்களின் கோர் நீண்டும் மெல்லியதாகவும் இருப்பதால், அதற்குள் சில மி.மீ. அகலமுள்ள ஊற்றுக் குழாய்க்கே இடமுண்டு. கோர் குளிர்வது முழுவதும் அந்தக் குறுகிய தடத்தைச் சார்ந்திருக்கும். முக்கோணக் குறைப்பில் முதலில் சிதைவதும் இத்தகைய சிறு தடங்களே.

இவ்வட்டாரத்துக்கு உரிய மற்றொரு சிக்கல் நீர். மழை குறைந்த விருதுநகர் மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீர் கடினத்தன்மை மிக்கது. அதை மென்மையாக்காமல் சுழற்றினால் தடங்களில் சுண்ணாம்புப் படிவு ஏறும். 1 மி.மீ. படிவின் வெப்பத் தடை (கடத்துதிறன் மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 1.5 வாட் எனில்), மேலே கண்ட குழம்போட்டத்தில் நீர்ப்பக்கம் தரும் தடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. கணினியில் உள்ள தடம் எப்போதும் புதியது. பட்டறையில் உள்ள தடம் அவ்வாறன்று. எனவே குழாய் உறுப்புகளுக்கு வெப்ப மாற்றத் திறனைக் குறைத்துக் கொடுத்தும் ஒருமுறை கணித்துப் பார்ப்பது இங்கு அவசியமாகிறது.

பயிற்சி

1968இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்ட சிப்பெட் எனும் மத்திய பெட்ரோகெமிக்கல்ஸ் பொறியியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் அச்சு வடிவமைப்பில் பயிற்சி தருகிறது. மதுரையிலும் அதன் மையம் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தோர் பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பத்தில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். கண்ணிவலை எளிமையாக்கத்தின் அடிப்படைக்கு வட்டத்தின் பரப்பு, சுற்றளவு, விகிதம், வெப்ப ஏற்பு ஆகியவை பற்றிய பள்ளிக் கணக்கும் அறிவியலுமே போதும். மென்பொருள் ஆண்டுதோறும் மாறினாலும், அது தரும் விடையைத் தாளில் சரிபார்க்க இவையே துணை.